முப்பது நிமிடம் பேசியவன்

போன மாதம் அண்ணன் மகன் ஓர் ஒலிக்கோப்பு அனுப்பியிருந்தான். அவர்கள் வீட்டுப் பரணில், பிஸ்கட் டின் ஒன்றில், பழைய கேசட்டுகள் கிடந்தனவாம். பூஞ்சை பிடிக்காமல் தப்பிய ஒன்றை எங்கோ கொடுத்து மாற்றி வாங்கியிருக்கிறான். "சித்தப்பா, நீங்கள்தான் பேசுகிறீர்கள்" என்பதோடு செய்தி முடிந்திருந்தது. வழக்கமாகச் சேர்க்கும் சிரிப்புப் பொம்மைகூட இல்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

கேசட் 1988ஆம் ஆண்டினுடையது. அண்ணன் அப்போது மஸ்கட்டில் வேலை பார்த்தான். கடிதம் போதாதென்று கேசட்டில் பேசி, விடுமுறை முடிந்து திரும்புகிறவர் யாரிடமாவது கொடுத்தனுப்புவோம். வளைகுடாவுக்கு ஆள் போன வீடுகளில் அது ஒரு பழக்கமாகவே இருந்தது. ரிக்கார்டரும் அண்ணன் வாங்கி வந்ததுதான். சிவப்புப் பட்டனையும் பக்கத்துப் பட்டனையும் சேர்த்து அழுத்த வேண்டும். அறுபது நிமிட கேசட், பக்கத்துக்கு முப்பது. குடும்பத்தில் அந்த இரண்டு பட்டன்களையும் ஒரே நேரத்தில் அழுத்தத் தெரிந்தவன் நான் ஒருவன் என்று ஏனோ எல்லோரும் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

அம்மாவின் குரல் இருக்கும் என்ற ஆசையில்தான் காதில் மாட்டிக்கொண்டேன். அம்மா போய் 22 ஆண்டுகள் ஆகின்றன.

முதல் 28 நிமிடங்கள் நான் பேசுகிறேன். எனக்கு இருபது வயது. பி.ஏ. இரண்டாம் ஆண்டு. கல்லூரிக் கட்டணம், விடுதிச் செலவு, நான் வாங்கிக் குவித்த புத்தகங்கள் எல்லாம் அண்ணன் அனுப்பிய பணம். அந்த அண்ணனுக்கு, பணம் மட்டுமே வாழ்க்கை ஆகிவிடாது என்று விளக்குகிறேன். உழைப்புச் சுரண்டல் என்றால் என்னவென்று, வெயிலில் பன்னிரண்டு மணி நேரம் நின்றவனுக்குப் பாடம் எடுக்கிறேன். அப்பாவின் கடைக் கணக்கைக் கேலி செய்கிறேன். "அம்மாவுக்கு வழக்கம்போல் முழங்கால் வலி, பெரிதாக ஒன்றுமில்லை" என்று ஒரு வரியில் தாண்டிப் போகிறேன். நடுவில் கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "நான் முன்போல் இல்லை அண்ணா, அந்தச் சின்னப்பிள்ளைத்தனமெல்லாம் போய்விட்டது" என்கிறேன். தொண்டையைச் செருமிக்கொண்டு வேறு.

28ஆவது நிமிடத்தில் அம்மாவை அழைக்கிறேன். அம்மா வந்து, "தம்பி, நன்றாக இருக்கிறாயா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா" என்று தொடங்கி, பக்கத்து வீட்டுக் கல்யாணத்தைப் பற்றி ஏதோ சொல்ல வருகிறார். "டேப் முடியப் போகிறது, சீக்கிரம் அம்மா" என்று ஒரு குரல் குறுக்கே விழுகிறது. அம்மா அவசரமாக, "சரி, உடம்பைப் பார்த்துக்கொள்" என்கிறார். டக். அவ்வளவுதான்.

அந்தப் பயலைக் கையில் கிடைத்தால் அறைந்திருப்பேன்.

அயர்லாந்து நாடகாசிரியர் சாமுவேல் பெக்கெட்டின் கிராப் ஞாபகத்துக்கு வந்தான். வராமல் எப்படி இருப்பான்? 'கிராப்பின் கடைசி டேப்' என்ற அந்தச் சிறிய நாடகம் 1958 அக்டோபரில் லண்டன் ராயல் கோர்ட் அரங்கில் முதலில் மேடையேறியது. ஒரே நடிகர், ஒரு மேசை, ஒரு டேப் ரிக்கார்டர், வாழைப்பழங்கள். கிராப்புக்கு அன்று 69ஆவது பிறந்தநாள். பிறந்தநாள்தோறும் கடந்த ஆண்டைப் பற்றிப் பேசிப் பதிந்து வைப்பது அவன் பழக்கம். இன்றைக்குப் பேசுவதற்கு முன் 30 ஆண்டுப் பழைய சுருள் ஒன்றைப் பேரேட்டில் தேடி எடுக்கிறான்: மூன்றாம் பெட்டி, ஐந்தாம் சுருள். இதில் பெக்கெட்டுக்கு ஒரு சிக்கல் இருந்தது. டேப் ரிக்கார்டர் வீடுகளுக்குள் வந்தே அப்போது சில ஆண்டுகள்தான். 30 ஆண்டுப் பழைய டேப்புக்கு எங்கே போவது? கதை நடப்பது 'எதிர்காலத்தில் ஒரு பின்மாலை' என்று எழுதிவிட்டார். நாடகத்தில் விஞ்ஞானக் கற்பனை என்று சொல்லத்தக்கது அந்த ஒரு வரிதான்.

சுருளில் 39 வயதுக் கிராப் மிடுக்காகப் பேசுகிறான். அவனும் அன்று மாலை, தன் இருபதுகளில் பதிந்த ஒரு டேப்பைக் கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறான். அந்தக் குட்டிப்பயலா நான், என்ன குரல் அது, எத்தனை லட்சியம், எத்தனை தீர்மானம் என்று எள்ளுகிறான். குடியைக் குறைக்க வேண்டும் என்பது அந்தத் தீர்மானங்களில் ஒன்று. டேப்புக்குள் 39 சிரிக்கிறது. மேடையில் 69 சேர்ந்து சிரிக்கிறது. இரண்டு பேரும் கூட்டணி. ஆனால் சற்று நேரம் கழித்துப் புதிய சுருளை மாட்டிப் பேசத் தொடங்கும் கிழவன், முப்பது வருடத்துக்கு முன்பு நான் என்று நம்பிக்கொண்டிருந்த அந்த முட்டாளை இப்போதுதான் கேட்டேன், இவ்வளவு மோசமாகவா இருந்தேன் என்று ஆரம்பிக்கிறான். முப்பத்தொன்பது இருபதுகளைத் திட்டிய அதே வாய்ப்பாடு. முப்பது ஆண்டுகளில் அவனுக்குக் குரல் போய்விட்டது, கண் மங்கிவிட்டது, தானே உச்சரித்த ஒரு சொல்லின் பொருள் மறந்து அகராதியைப் புரட்டுகிறான். பழையவனை இகழும் திறமை மட்டும் அப்படியே இருக்கிறது.

முதன்முறை படித்தபோது இதை நகைச்சுவை என்றுதான் எடுத்துக்கொண்டேன். கேசட்டுக்குப் பிறகு இன்னோர் இடம் உறுத்துகிறது. டேப்பில் 39 வயதுக்காரன் தன் தாய் இறந்த நாளைச் சொல்கிறான். வீட்டுக்கு வெளியே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, அவள் உயிர் போனால் தேவலை என்று காத்திருக்கிறான். ஜன்னல் திரை இறங்குகிறது. அதுதான் அடையாளம். அந்தக் கணத்தில் ஒரு நாய்க்குட்டிக்கு அவன் பந்து எறிந்துகொண்டிருக்கிறான். கறுப்பு ரப்பர் பந்து. கடைசியில் அதை நாய்க்கே கொடுத்துவிடுகிறான். அதையும் சொல் பொறுக்கி, அழகாகத்தான் சொல்கிறான். பிறகு புயலடித்த ஓர் இரவில் தனக்குக் கிடைத்த ஞான தரிசனத்தை அவன் விவரிக்கத் தொடங்கும்போது, கிழவனுக்குப் பொறுக்கவில்லை. திட்டிக்கொண்டே டேப்பை முன்னே ஓட்டுகிறான். வாழ்க்கையையே மாற்றிய ஞானம் என்று 39 நினைத்தது எதுவோ, அது நமக்குக் கடைசிவரை தெரியாது. கிழவனுக்கு வேண்டியது படகில் ஒரு பெண்ணோடு படுத்திருந்த சில நிமிடங்கள் மட்டும். அதைத் திரும்பத் திரும்பப் போடுகிறான்.

நானும் ஒலிக்கோப்பில் அதைத்தான் செய்தேன். 28ஆவது நிமிடத்துக்கு விரலால் இழுத்து, ஒன்றரை நிமிடம் கேட்டு, மறுபடியும் இழுத்து.

அயர்லாந்து நடிகர் ஸ்டீவன் ரே, என்றாவது கிராப்பாக நடிப்போம் என்று பல ஆண்டுகளுக்கு முன்பே இளைய கிராப்பின் பேச்சைப் பதிந்து வைத்திருந்தார். 2024இல் டப்ளினில் நடித்தபோது மேடையில் ஒலித்தது உண்மையிலேயே அவருடைய பழைய குரல். எனக்கு அப்படிப்பட்ட முன்யோசனை எதுவும் கிடையாது. தானாக அமைந்துவிட்டது.

அர்ஜென்டினா எழுத்தாளர் போர்ஹெஸின் கதை ஒன்றும் இங்கே சேரும். 1975இல் வெளியான தொகுப்பில் உள்ள 'மற்றவன்'. 1969 பிப்ரவரியில், அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில், சார்லஸ் ஆற்றங்கரை பெஞ்சில் எழுபதை எட்டிய போர்ஹெஸ் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் ஒரு வாலிபன் வந்து அமர்கிறான். அவனும் போர்ஹெஸ்தான். ஆனால் அவன் கணக்குப்படி அந்த இடம் ஜெனீவா, ஓடுவது ரோன் நதி. மனித சகோதரத்துவத்தைப் பாடும் கவிதைகள் எழுதிக்கொண்டிருக்கிறான். கிழவர் அவனைத் திட்டவில்லை. கொஞ்சம் சலித்துக்கொள்கிறார், கொஞ்சம் விவாதிக்கிறார், பெற்ற மகன்போல ஒரு பாசமும் வருகிறது. மறுநாள் இதே இடத்தில் சந்திப்போம் என்று சொல்லி, ஒருவரையொருவர் தொடாமலே பிரிகிறார்கள். இரண்டு பேரும் வரமாட்டார்கள் என்று இரண்டு பேருக்கும் தெரியும். மரியாதையான ஏற்பாடு. நான் நாற்பது வயதில் இதைப் படித்து மிகவும் ரசித்தேன். இப்போது கொஞ்சம் வழவழவென்று தோன்றுகிறது. அந்த வாலிபனால் பாதிக்கப்பட்டவர் யாரும் அந்தக் கரையில் இல்லை என்பதால் இருக்கலாம்.

கிராப்பின் அறையிலும் யாரும் இல்லை. அவன் கையில் சுவிட்ச் இருக்கிறது. தன்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள்ளலாம், அலுத்தால் நிறுத்தலாம். தன்னைத் தானே திட்டிக்கொள்வதில் ஒரு சுகம் இருப்பதை நான் மறுக்க மாட்டேன். திட்டுகிறவன் எப்போதும் நியாயஸ்தன் அல்லவா. டிக்கென்ஸின் 'கிறிஸ்துமஸ் கேரல்' கதையில் வரும் கஞ்சன் ஸ்குரூஜுக்காவது, பழைய நாட்களைக் காட்டப் பக்கத்தில் ஓர் ஆவி நிற்கிறது. அந்தக் கிழவன் தன் இளமையைப் பார்க்கப் பொறுக்காமல், ஆவியின் தலையில் அதன் தொப்பியைப் போட்டு அமுக்குகிறான். எவ்வளவு அமுக்கியும் அடியில் ஒளி வழிகிறது. 1843இல் எழுதிய அந்தக் காட்சியை, பின்னால் வரும் வான்கோழி விருந்து மறைத்துவிட்டது.

அறையில் இன்னொருவர் இருந்தால் என்ன ஆகும்? எனக்குத் தெரிந்து இதை நம் கோவலனைவிட நன்றாகச் சந்தித்தவன் இல்லை.

பள்ளிக்கூடத்தில் சிலப்பதிகாரம் படித்தவர்களுக்கு வழக்குரை காதை மனப்பாடம். தேரா மன்னா. அதற்குச் சற்று முன்னால் இருக்கும் கொலைக்களக் காதையை யாரும் மேடையில் முழங்குவதில்லை. முழங்க அதில் ஒன்றும் இல்லை. ஒரு சாப்பாடுதான் இருக்கிறது. மதுரைக்கு வெளியே மாதரியின் வீடு. விரல் சிவக்கக் காய் அரிந்து, வியர்க்கச் சமைத்து, கண்ணகி வாழைக்குருத்தை விரித்துப் பரிமாறுகிறாள். கோவலன் உண்கிறான். வெற்றிலை பாக்குக் கொடுக்கிறாள். பிறகு அவளை அருகில் அழைத்துப் பேசத் தொடங்குகிறான். கல் நிறைந்த காட்டுவழியில் உன் மெல்லடி நடந்ததே, நம் பெற்றோர் இப்போது என்ன பாடு படுகிறார்களோ என்று ஆரம்பித்து, தன்னிடம் வருகிறான்.

"வறுமொழி யாளரொடு வம்பப் பரத்தரொடு
குறுமொழிக் கோட்டி நெடுநகை புக்குப்
பொச்சாப் புண்டு"

பயனற்ற பேச்சுக்காரர்களோடும் புதுப்புதுக் காமுகர்களோடும் கூட்டம் போட்டு, புறம் பேசி, வெடித்துச் சிரித்துக் கெட்டேன் என்கிறான். தன் பழைய நாட்களில் அவனுக்கு இப்போது முதலில் கேட்பது அந்தச் சிரிப்புத்தான். 'நெடுநகை' என்கிறார் இளங்கோ. நீளமான சிரிப்பு. எனக்கு மாதவியைவிட இந்தச் சொல்தான் கோவலனின் புகார் வாழ்க்கையைக் காட்டுகிறது. மேலும் சொல்கிறான்: "இருமுது குரவ ரேவலும் பிழைத்தேன், சிறுமுதுக் குறைவிக்குச் சிறுமையுஞ் செய்தேன்." தாய் தந்தையர் சொல் கேட்கவில்லை. சிறு வயதிலேயே முதிர்ந்த அறிவுடைய உனக்குச் சிறுமை செய்தேன். பிறகு, தவறு என்றுகூடப் பார்க்காமல் கிளம்பு என்றேன், நீயும் கிளம்பிவிட்டாயே, என்ன காரியம் செய்தாய் என்று கேட்கிறான்.

கிராப்பின் பேச்சோடு இதை வைத்துப் பாருங்கள். கிராப், இவ்வளவு மோசமானவனா நான் என்று வியக்கிறான். கோவலன் வியக்கவில்லை. கூட்டாளிகள் யார், மீறியது யாருடைய சொல், நோகடித்தது யாரை என்று பட்டியலாகச் சொல்கிறான். எதிரே உட்கார்ந்திருப்பவளுக்கு எல்லாம் தெரியும் என்பதால் மிகைப்படுத்தவும் முடியாது, குறைக்கவும் முடியாது.

இந்த இடத்தில் சாதாரணக் கதையாசிரியராக இருந்தால் கண்ணகியைக் கண்கலங்க வைத்து, போனது போகட்டும் என்று சொல்ல வைத்திருப்பார். கண்ணகி அப்படிச் சொல்லவில்லை. நீங்கள் இல்லாததால் அறவோர்க்குக் கொடுக்கும் உரிமையை, விருந்தினரை எதிர்கொள்ளும் உரிமையை இழந்து நின்றேன் என்று கணக்கு வைக்கிறாள். உங்கள் தாய் தந்தையர் என்னைப் பார்க்க வந்தார்கள், நான் பொய்யாகச் சிரித்தேன், அந்தச் சிரிப்பைக் கண்டே அவர்கள் உள்ளம் வருந்தினார்கள் என்கிறாள். 'வாயல் முறுவல்' என்பது அவள் சொல். அவன் நெடுநகை ஒரு பக்கம், அவளுடைய வாயல் முறுவல் மறுபக்கம். அடுத்து வருகிறது அந்த வரி: "போற்றா ஒழுக்கம் புரிந்தீர்." மதிக்கத் தகாத நடத்தை நடந்தீர்கள். 'ஈர்' விகுதி, மரியாதை குறையவில்லை. தீர்ப்பும் குறையவில்லை. ஆனாலும் மாறாத மனம் உடையவள் ஆதலால் எழுந்து வந்தேன் என்று முடிக்கிறாள். அவன் ஒற்றைச் சிலம்பை வாங்கிக்கொண்டு கிளம்புகிறான். வழியில் ஒரு காளை எதிர்ப்படுகிறது. அது கெட்ட சகுனம் என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை.

மன்னித்தாளா? தெரியாது. உரையாசிரியர்கள் என்ன சொன்னாலும், அந்த வரியில் மன்னிப்பு என்று பெயர் சொல்லக்கூடிய எதையும் நான் காணவில்லை. அவன் சொன்ன பழி சரிதான் என்று அவள் ஒப்புக்கொள்கிறாள். அதற்கு மேல் அவனுக்கு என்ன வேண்டும்?

டிக்கென்ஸிடம் இன்னொரு வகை இருக்கிறது. 1860 டிசம்பரில் தொடராக வரத் தொடங்கிய 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலில், கொல்லன் ஜோ, லண்டனில் கனவானாகிவிட்ட பிப்பைப் பார்க்க வருகிறார். பிப்பைத் தூக்கி வளர்த்தவர். முதிய பிப் கதையைச் சொல்கிறான்: பணம் கொடுத்து அவர் வருவதைத் தடுக்க முடிந்திருந்தால், நிச்சயம் கொடுத்திருப்பேன். இப்படி ஒரு வாக்கியத்தைத் தன்னைப் பற்றி எழுத எத்தனை பேரால் முடியும்? ஜோ தன் தொப்பியை எங்கே வைப்பது என்று தெரியாமல் அடுப்பங்கரை மாடத்தில் வைக்கிறார், அது விழுந்துகொண்டே இருக்கிறது, அவர் ஓடி ஓடிப் பிடிக்கிறார். நாம் சிரிக்கிறோம். சிரித்து முடித்த பிறகுதான், நாமும் பிப்போடு சேர்ந்து யாரைப் பார்த்துச் சிரித்தோம் என்பது உறைக்கிறது. ஜோ கண்ணகிபோல் தீர்ப்புச் சொல்லவில்லை. இந்த உடுப்பில் நான் தப்பு, உலைக்கூடத்துக்கு வெளியே நான் தப்பு என்று பழியைத் தன் சட்டையின் மேல் போட்டுக்கொண்டு போய்விடுகிறார். பிறகு பிப் கடனில் மூழ்கி நோயில் கிடக்கும்போது வந்து பார்த்துக்கொள்கிறார், கடனையும் அடைத்துவிட்டு, அவன் எழுவதற்குள் அதிகாலையில் கிளம்பிவிடுகிறார். கண்ணகியின் ஒரு வரியைத் தாங்கலாம். ஜோவின் நல்ல குணத்தைத் தாங்குவது கடினம்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் தவறாகிவிடும். வெறுக்கப்படும் பழைய ஆள் எல்லோருமே வெறுக்கத்தக்கவர்கள் அல்லர். ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' 1966இல் ஆனந்த விகடனில் வந்தது. மழையில் காரில் ஏறிய கல்லூரிப் பெண், நடந்ததை அழுதுகொண்டே சொல்ல, தாய் அவள் தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் ஊரைக் கூட்டியிருந்தால் என்ற கேள்விதான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவல். அதற்கு 1972ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அதில் அந்தப் பெண், கங்கா, வளர்ந்து, வேலைக்குப் போய், ஒருநாள் பத்திரிகையில் அந்தக் கதையையே படிக்கிறாள். தன் பழைய கோலம் அச்சில் இருக்கிறது. தாய் மட்டும் வேறு மாதிரி நடந்துகொள்கிறாள். அந்தப் பதினேழு பதினெட்டு வயதுப் பெண்ணை வெறுக்க கங்காவுக்கு வீடுதான் கற்றுக்கொடுத்தது. அவளாக வெறுக்கவில்லை. என் கேசட்டுக்கு இந்தச் சலுகை கிடையாது. எனக்கு யாரும் எதையும் கற்றுக்கொடுக்கவில்லை என்பதுதான் அந்த 28 நிமிடங்களின் சாரம்.

அக்காவுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டேன். ஒலிக்கோப்பை அவளும் கேட்டிருந்தாள். அந்தப் பயலை அறைய வேண்டும்போல் இருக்கிறது என்றேன். சமாதானம் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

"அன்றைக்கு அவனைப் பொறுத்துக்கொண்டவர்கள் நாங்கள். அறைய நினைத்திருந்தால் நாங்கள் அறைந்திருக்க மாட்டோமா? நீ எதற்கு?"

அதோடு விடவில்லை. "அன்றைக்கும் நீ இப்படித்தான். பத்தாம் வகுப்பில் எழுதிய டைரியை, எவனோ மூடன் எழுதியது என்று சொல்லிக் கிழித்து வெந்நீர் அடுப்பில் போட்டாயே, மறந்துவிட்டதா?" என்றாள்.

மறந்துதான் போயிருந்தது. ஆக, மஸ்கட்டுக்குப் பாடம் எடுத்தவனும் தன் முந்தையவனை எரித்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறான். கிராப் குடும்பத்தில் நானும் ஒரு சுருள்.

அண்ணன் அன்று மஸ்கட்டில் அந்த கேசட்டைக் கேட்டுவிட்டு என்ன சொன்னான் என்று கேட்டேன். அவனுக்குக் கேட்கும் திறன் குறைந்துவிட்டது, இப்போது எதையும் நேராகப் பேச முடிவதில்லை. ஒன்றும் சொல்லவில்லை என்றாள் அக்கா. அடுத்த மாதம் வழக்கம்போல் பணம் வந்தது, அதில் புத்தகத்துக்கென்று தனியாக நூறு ரூபாய் கூடுதலாக இருந்தது. ஜோவின் அந்த அதிகாலைதான் நினைவுக்கு வந்தது. சற்று நேரம் நான் எதுவும் பேசவில்லை, அக்காவும் பேசவில்லை.

அன்று இரவு அண்ணன் மகனைக் கூப்பிட்டு, அம்மா பேசுகிற ஒன்றரை நிமிடத்தை மட்டும் தனியாக வெட்டித் தர முடியுமா, மற்றதை அழித்துவிடலாம் என்று கேட்டேன். அவன் தயங்கினான். "முடியும் சித்தப்பா. ஆனால் நல்ல ஹெட்போனில் முதலிலிருந்து ஒரு தடவை கேளுங்கள்" என்றான்.

கேட்டேன். நான்காவது நிமிடத்திலிருந்து என் பேச்சுக்குப் பின்னால் ஒரு சத்தம் வருகிறது. கடகடவென்று ஒரே சீராக. ஆட்டுக்கல். அம்மா மாவு அரைத்துக்கொண்டிருக்கிறார். உழைப்புச் சுரண்டலைப் பற்றி நான் விளக்கும் இடம் முழுக்க அந்தச் சத்தம் ஓடுகிறது. பதினோராவது நிமிடத்தில் நிற்கிறது, யாரோ தண்ணீர் ஊற்றுகிறார்கள், மறுபடி தொடங்குகிறது. இருபதாவது நிமிடத்தில், தூரத்திலிருந்து, "சாப்பிட்டுவிட்டுப் பேசக் கூடாதா" என்று அம்மாவின் குரல். நான் பதில் சொல்லவில்லை. பேசிக்கொண்டே போகிறேன்.

எதையும் வெட்ட வேண்டாம் என்று அவனுக்குச் செய்தி அனுப்பினேன். அக்காவுக்கும் முழுதாகவே ஒரு பிரதி போட்டுக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.